பழைய பேக்கப்பைப் புது விண்டோஸில் திறப்பது: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழி

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் எடுத்து வைத்த பேக்கப் பெரும்பாலும் பல வருடம் கழித்துத்தான் தேவைப்படுகிறது. பழைய கணக்கு வேண்டும், ஸ்டுடியோவில் எடுத்த படங்கள் வேண்டும், அச்சுக்குப் போன புத்தகத்தின் மூல ஃபைல் வேண்டும். அதற்குள் பழைய கணினி போயிருக்கும். மேசையில் இருப்பது விண்டோஸ் 10 அல்லது 11. பேக்கப் எடுத்த மென்பொருள் இதில் ஏற மறுக்கும், ஏறினாலும் பாதியில் நிற்கும்.

கீழே உள்ள வழிகள் எல்லாம் பழைய பேக்கப்புக்குள் இருக்கும் ஃபைல்களைப் பத்திரமாக வெளியே எடுப்பதற்கு மட்டுமே. அதே மென்பொருளை வைத்துப் புதுக் கணினியைப் பேக்கப் எடுக்கும் பழக்கத்தைத் தொடராதீர்கள். எடுக்கும் நாளில் ‘வெற்றி’ என்று காட்டும். மீட்கும் நாளில்தான் உள்ளே பாதி இல்லை என்று தெரியும்.

## கை வைக்கும் முன்

பேக்கப் ஃபைலை முதலில் நகல் எடுங்கள். மூல டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு நகலில் மட்டும் வேலை பாருங்கள். நகல் போகும் டிஸ்க் என்டிஎஃப்எஸ் ஃபார்மட்டில் இருக்க வேண்டும். ஃபேட்32 டிஸ்க்கில் 4 ஜிபியைத் தொடும் ஃபைல் ஏறாது. நகலுக்கும் மீட்கும் ஃபைல்களுக்கும் சேர்த்து, பேக்கப் அளவைப் போல இரண்டரை மடங்கு காலி இடம் வைத்துக்கொள்ளுங்கள்.

நகல் எடுக்கும்போதே டிஸ்க் டக் டக்கென்று தட்டினாலோ, ‘சைக்ளிக் ரிடண்டன்சி செக்’ என்ற பிழை வந்தாலோ அங்கேயே நிறுத்துங்கள். செக் டிஸ்க் ஓட்டாதீர்கள். அது டிஸ்க்கின் அடைவைச் சீராக்கும் கருவி. உள்ளே இருக்கும் ஃபைலைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. சாகும் நிலையில் உள்ள டிஸ்க்கில் அதை ஓட்டினால் மிச்சமும் போகும். டேட்டா ரெகவரி செய்பவரிடம் கொடுக்க வேண்டிய முதல் இடம் இதுதான்.

அடுத்து, எந்த மென்பொருள் எடுத்த பேக்கப் என்று ஃபைல் பெயரின் வாலை (புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை) பார்த்து முடிவு செய்யுங்கள். பிகேஎஃப் என்று முடிந்தால் எக்ஸ்பி, விண்டோஸ் 2000, சர்வர் 2003 ஆகியவற்றோடு வந்த என்டிபேக்கப். கியூஐசி என்றால் விண்டோஸ் 98 காலத்துப் பேக்கப். அதை என்டிபேக்கப் படிக்காது. ஜிஎச்ஓ என்றால் பழைய கோஸ்ட், வி2ஐ என்றால் அதற்குப் பின்வந்த நார்ட்டன் கோஸ்ட் பதிப்புகள். டிஐபி என்றால் அக்ரோனிஸ். ‘விண்டோஸ்இமேஜ்பேக்கப்’ என்ற ஃபோல்டரோ, நூற்றுக்கணக்கான ஜிப் ஃபைல்களோ இருந்தால் விண்டோஸ் 7 தானே எடுத்தது. பிகேஎஃப்பில் ஒரு சிக்கல் உண்டு. பேக்கப் எக்ஸெக் என்ற அலுவலக மென்பொருளும் அதே வாலோடுதான் சேமிக்கும். அது தன் அமுக்க முறையில் சுருக்கி வைத்திருந்தால் என்டிபேக்கப்பால் திறக்க முடியாது.

## அறிகுறி: செட்டப்பை இருமுறை தட்டினால் ‘இந்த ஆப் உங்கள் கணினியில் ஓடாது’ என்கிறது

செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்குவோம். ஃபைல் அரைகுறையாக நகலாகியிருந்தாலும் இதே செய்திதான் வரும். சிடியிலிருந்து செட்டப்பை மறுபடி நகல் எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

அது இல்லையென்றால், செட்டப் 16 பிட் என்ற மிகப் பழைய நிரல் வகையாக இருக்கும். 1990களின் பிற்பகுதியில் வந்த பல மென்பொருள்களில் உள்ளே இருப்பது 32 பிட் நிரலாக இருந்தும், அதை நிறுவும் செட்டப் மட்டும் 16 பிட். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலை ஓட்டவே ஓட்டாது. விண்டோஸ் 11க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. கம்பாட்டிபிலிட்டி மோடை எத்தனை முறை மாற்றினாலும் பயன் இல்லை. அந்த மோட் செய்வது, மென்பொருளிடம் விண்டோஸின் பதிப்பு எண்ணை மாற்றிச் சொல்வதும் சில பழைய நடத்தைகளைப் போலி செய்வதும்தான். வழி இரண்டு: செட்டப் ஃபைலை 7-ஜிப் என்ற இலவசக் கருவி மூலம் பிரித்து உள்ளிருக்கும் நிரலை நேராக எடுப்பது, அல்லது கடைசிப் பகுதியில் உள்ள விர்ச்சுவல் எக்ஸ்பி (புது விண்டோஸுக்குள் ஒரு போலிக் கணினியில் ஓடும் எக்ஸ்பி).

செய்தியில் ‘ஸ்மார்ட் ஆப் கண்ட்ரோல்’ என்ற பெயர் இருந்தால் விஷயம் வேறு. விண்டோஸ் 11இன் இந்தக் காவல், கையொப்பம் இல்லாத பழைய நிரல்களை நிறுத்துகிறது. ஒரு நிரலுக்கு மட்டும் விலக்கு கொடுக்க வழி இல்லை. ஒரு பேக்கப்புக்காகக் கணினி முழுக்கக் காவலை எடுக்க வேண்டாம். விர்ச்சுவல் எக்ஸ்பிக்குப் போங்கள்.

## அறிகுறி: பிகேஎஃப் ஃபைல் இருக்கிறது, திறக்க எதுவும் இல்லை

விஸ்டாவிலிருந்து என்டிபேக்கப்பை மைக்ரோசாஃப்ட் எடுத்துவிட்டது. மீட்பதற்கு மட்டுமான ஒரு கருவியை விஸ்டாவுக்கும், பிறகு கேபி 974674 என்ற எண்ணில் விண்டோஸ் 7க்கும் தனியாகக் கொடுத்தது. அந்த விண்டோஸ் 7 தொகுப்பை விண்டோஸ் 10, 11இல் தட்டினால் ‘இந்தக் கணினிக்குப் பொருந்தாது’ என்று திரும்பிவிடும். இன்னும் ஓடுகிற விண்டோஸ் 7 கணினி ஒன்று கிடைத்தால் அதில் அந்தத் தொகுப்பை நிறுவி வேலையை முடிப்பதே எளிது. இணையத்தில் இணைக்காமல் வைத்து மீட்டு, ஃபைல்களை வெளி டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அது இல்லாதவர்கள் எக்ஸ்பியின் மூன்று ஃபைல்களைக் கொண்டே வேலையை முடிக்கலாம்: என்டிபேக்கப் நிரல், என்டிஎம்எஸ்ஏபிஐ என்ற டிஎல்எல் (நிரலுக்குத் துணையான ஃபைல்), விஎஸ்எஸ்ஏபிஐ என்ற டிஎல்எல். மூன்றும் எக்ஸ்பி கணினியின் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும். கணினி போய்விட்டால் எக்ஸ்பி புரொஃபெஷனல் சிடியின் ஐ386 ஃபோல்டரில், வாலின் கடைசி எழுத்துக்குப் பதில் அடிக்கோடு போட்ட சுருக்க ஃபைல்களாக இருக்கும், 7-ஜிப் பிரித்துவிடும். எக்ஸ்பி ஹோம் சிடியில் என்டிபேக்கப் தானாக நிறுவப்படாது. வேல்யூஆட் ஃபோல்டருக்குள் எம்எஸ்எஃப்டி, அதற்குள் என்டிபேக்கப் என்று தனிச் செட்டப்பாக வைத்திருப்பார்கள். டிஎல்எல் ஃபைல்களை இனாமாகத் தருகிறோம் என்று சொல்லும் தளங்களில் இருந்து இறக்காதீர்கள். வைரஸ் நுழைய அதைவிட அகலமான வாசல் இல்லை.

மூன்றையும் டி டிரைவில் ஒரு தனி ஃபோல்டரில் போடுங்கள். புது விண்டோஸின் சிஸ்டம்32க்குள் எந்தக் காரணத்துக்காகவும் போடக்கூடாது. விஎஸ்எஸ்ஏபிஐ என்ற பெயரில் அங்கே விண்டோஸின் சொந்த டிஎல்எல் இருக்கிறது. அனுமதிகளை உடைத்து அதன் மேல் எக்ஸ்பியினுடையதை எழுதினால், கணினியில் வேறு எந்தப் பேக்கப்பும் ஷேடோ காப்பி (திறந்திருக்கும் ஃபைல்களின் அந்நேர நகல்) எடுக்க முடியாமல் போகும்.

பிறகு வரிசையாக:

1. என்டிபேக்கப் மீது ரைட் கிளிக் செய்து அட்மினிஸ்ட்ரேட்டராக ஓட்டுங்கள்.
2. ‘ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஓடவில்லை’ என்று எச்சரிக்கும். அது டேப் டிரைவுக்கான சேவை. ஓகே கொடுத்துத் தாண்டுங்கள்.
3. விசார்டு வந்தால் ‘அட்வான்ஸ்டு மோட்’ இணைப்பைத் தட்டுங்கள்.
4. டூல்ஸ் மெனுவில் ‘கேட்டலாக் எ பேக்கப் ஃபைல்’ என்பதைத் தேர்ந்து, நகல் எடுத்த பிகேஎஃப்பைக் காட்டுங்கள்.
5. ரீஸ்டோர் பக்கத்தில் வேண்டிய ஃபோல்டர்களை மட்டும் டிக் செய்யுங்கள். ‘சிஸ்டம் ஸ்டேட்’ என்ற வரியைத் தொடாதீர்கள். எக்ஸ்பியின் ரெஜிஸ்ட்ரியைப் புது விண்டோஸ் மேல் எழுதுவது கணினியைக் கொல்லும் வேலை.
6. எங்கே மீட்பது என்ற இடத்தில் ‘ஆல்டர்நேட் லொக்கேஷன்’ வைத்து, டி டிரைவில் ‘மீட்பு’ போன்ற குட்டிப் பெயர் கொடுங்கள். பழைய இடத்துக்கே மீட்கச் சொன்னால் ‘டாகுமெண்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்ற பாதைக்குப் போகும். புது விண்டோஸில் அது யூசர்ஸ் ஃபோல்டருக்குத் திருப்பிவிடும் வெறும் திசைகாட்டி (ஜங்ஷன்). பெயர் குட்டியாக இருக்க வேண்டியது, முழுப் பாதை 260 எழுத்தைத் தாண்டாமல் இருக்க.
7. ஸ்டார்ட் ரீஸ்டோர் தட்டியதும் வரும் பெட்டியில் அட்வான்ஸ்டு போய், ‘ரீஸ்டோர் செக்யூரிட்டி’, ‘ரீஸ்டோர் ஜங்ஷன் பாயிண்ட்ஸ்’ இரண்டின் டிக்கையும் எடுங்கள்.

ஏழாவது படியைத் தவறவிட்டவர்கள்தான் பிறகு ‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்ற பிழையோடு மல்லுக்கட்டுகிறார்கள்.

கையில் லினக்ஸ் இருந்தால் எம்டிஎஃப்டார் என்ற இலவசக் கருவி பிகேஎஃப்பை டார் ஃபைலாக மாற்றித் தரும். அனுமதி, ஜங்ஷன் தொல்லை எதுவும் அதில் வராது.

## அறிகுறி: ‘ஃபைலில் அடையாளம் தெரியாத தரவு உள்ளது, பயன்படுத்த முடியாது’

பயமுறுத்தும் செய்தி. ஆனால் பல நேரம் உள்ளே ஃபைல்கள் நலமாகவே இருக்கும். முதலில் அளவைப் பாருங்கள். பைட் கணக்கில் 4,294,967,295 அல்லது அதை ஒட்டி நின்றால் காரணம் வெளிப்படை. ஃபேட்32 டிஸ்க்கில் எழுதி, 4 ஜிபி சுவரில் முட்டி அறுந்த பேக்கப் அது. அறுந்த இடம் வரை உள்ளதை எடுக்கலாம். அதற்குப் பின் எழுதப்படவே இல்லை, யாராலும் தர முடியாது. டிஸ்க்கில் அடுத்த எண்ணோடு இன்னொரு பிகேஎஃப் இருக்கிறதா என்று மட்டும் தேடிப் பாருங்கள்.

அறுந்த ஃபைலைத் திறக்க: டூல்ஸ், ஆப்ஷன்ஸ், ஜெனரல் பக்கத்தில் ‘மீடியாவில் உள்ள கேட்டலாக்கைப் பயன்படுத்து’ என்ற பொருளில் ஒரு டிக் இருக்கும். அதை எடுத்துவிட்டு மறுபடி கேட்டலாக் செய்யுங்கள். உள்ளடக்கப் பட்டியல் ஒவ்வொரு பேக்கப் தொகுதியின் கடைசியில்தான் எழுதப்படுகிறது. வால் அறுந்தால் பட்டியலும் போய்விடும். டிக்கை எடுத்தால் நிரல் பட்டியலைத் தேடாமல் ஃபைலைத் தலையிலிருந்து படித்துக்கொண்டே வரும். பெரிய ஃபைலில் மணிக்கணக்கில் ஆகும், நிரல் உறைந்தது போலவும் தெரியும். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் படிப்பு ஓடிக்கொண்டிருக்கும் வரை கை வைக்காதீர்கள்.

அதுவும் நடக்கவில்லை என்றால் எச்எக்ஸ்டி போன்ற ஹெக்ஸ் வியூவரில் (ஃபைலின் பைட்களை அப்படியே காட்டும் நிரல்) திறந்து, முதல் நான்கு எழுத்துகளைப் பாருங்கள். டி, ஏ, பி, இ என்று ஆங்கிலத்தில் ‘டேப்’ இருக்க வேண்டும்; பிகேஎஃப்பின் அடிப்படை மைக்ரோசாஃப்ட் டேப் ஃபார்மட் என்பதால் அந்த முத்திரை. முத்திரை இருந்தால் தலை நலம், சேதம் நடுவில். எம்டிஎஃப்டாரையோ, பிகேஎஃப்புக்கென விற்கும் மீட்பு மென்பொருளின் சோதனைப் பதிப்பையோ ஓட்டலாம். சோதனைப் பதிப்பு ஃபைல் பட்டியலைக் காட்டினால் மட்டும் பணம் கட்டுங்கள். முத்திரை இருக்கும் இடத்தில் வெறும் சுழியங்களாக ஓடினால் நகல் பழுது அல்லது டிஸ்க் பழுது. மூல டிஸ்க்கிலிருந்து மறுபடி நகல் எடுத்துப் பாருங்கள். அங்கேயும் சுழியம் என்றால் டிஸ்க்கைத் தொடாமல் நிபுணரிடம் கொடுங்கள்.

## அறிகுறி: மீட்ட ஃபைல் கண்ணுக்குத் தெரிகிறது, திறந்தால் ‘அனுமதி இல்லை’

மூன்று காரணங்கள், மூன்றுக்கும் தனித்தனிச் சோதனை.

ஒன்று, பழைய உரிமையாளர். ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி போங்கள். பெயருக்குப் பதிலாக எஸ்-1-5-21 என்று தொடங்கும் நீள எண் இருந்தால், அது இறந்துபோன எக்ஸ்பி கணினியின் பயனர் எண். அட்வான்ஸ்டு போய் ஓனர் வரியில் உங்கள் கணக்கைப் போட்டு, ‘உள்ளே உள்ள எல்லாவற்றுக்கும்’ என்ற டிக்கை வையுங்கள். பிறகு அனுமதியில் உங்களுக்கு ஃபுல் கண்ட்ரோல் கொடுங்கள். மீட்ட ஃபோல்டருக்கு மட்டும் செய்யுங்கள். சி டிரைவ் முழுக்கச் செய்துவிட்டு விண்டோஸையே மறுபடி நிறுவ நேர்ந்தவர்கள் உண்டு.

இரண்டு, ரேன்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ்) பாதுகாப்பு. விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்’ ஆனில் இருந்தால், அறிமுகமில்லாத நிரல் டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ் ஃபோல்டர்களில் எழுதுவதைத் தடுக்கும். மீட்பு அரைகுறையாக நிற்கும். டி டிரைவில் தனி ஃபோல்டருக்கு மீட்டால் இந்தத் தடை குறுக்கே வராது.

மூன்றாவதுதான் கடினம். ஃபைல் ஐகானில் குட்டிப் பூட்டு தெரிகிறதா? எக்ஸ்பி புரொஃபெஷனலில் யாரோ ‘என்கிரிப்ட்’ டிக்கைப் போட்டிருக்கிறார்கள். என்டிபேக்கப் பூட்டோடேதான் எடுத்து வைக்கும், பூட்டோடேதான் மீட்கும். உரிமையை மாற்றினாலும் திறக்காது. அந்த நாளில் ஏற்றுமதி செய்த சான்றிதழ், பிஎஃப்எக்ஸ் என்ற வாலோடு எங்காவது சிடியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் அதே பேக்கப்பில் அந்தப் பயனரின் முழு புரொஃபைல் ஃபோல்டரும் இருந்து, பழைய லாகின் பாஸ்வேர்டும் நினைவிருந்தால், தடயவியல் கருவி வைத்திருக்கும் நிபுணரால் சாவியை எடுக்க முடியும். இரண்டும் இல்லாவிட்டால் பணம் செலவழிக்காதீர்கள். திறந்து தருகிறேன் என்பவரையும் நம்பாதீர்கள்.

## அறிகுறி: தமிழ் ஃபைல் குப்பை எழுத்தாகத் தெரிகிறது, அல்லது தமிழ்ப் பெயர் கொண்டவை மட்டும் விடுபடுகின்றன

இவை இரண்டு வேறு பிழைகள். குழப்பிக்கொண்டு நல்ல பேக்கப்பைக் குப்பையில் போட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஃபைல் திறக்கிறது, உள்ளே ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து ஓடுகின்றன என்றால் பேக்கப்பில் ஒரு பழுதும் இல்லை. பாமினி, டாம், டாப், டிஸ்கி போன்ற பழைய எழுத்துரு முறைகளில் தட்டச்சு செய்த ஆவணம் அது. எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். அதே பேக்கப்பில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபாண்ட்ஸ் இருந்தால், அதை ‘மீட்பு’ ஃபோல்டருக்கு எடுத்து, ஆவணத்தில் பெயர் காட்டும் எழுத்துருவை மட்டும் நிறுவுங்கள், உடனே படிக்கலாம். பிறகு நிதானமாக யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்முன் எந்த முறை என்று உறுதி செய்யுங்கள். டாப் ஆவணத்தைப் பாமினி என்று மாற்றினால் வருவது இன்னொரு குப்பை. மூல ஆவணத்தை எப்போதும் தனியே வையுங்கள்.

ஃபைல் பெயர் தமிழ் யூனிகோடில் இருந்து, பழைய மென்பொருள் அதைக் கேள்விக்குறிகளாகக் காட்டி ‘கிடைக்கவில்லை’ என்று தாண்டிப் போனால் காரணம் வேறு. அந்த மென்பொருள் யூனிகோட் அறியாதது. ஜப்பானியம், ரஷ்யம் போன்ற மொழிகளுக்கு விண்டோஸில் பழைய பாணிக் குறியீட்டுப் பக்கம் (எழுத்துகளுக்கு எண் தரும் அட்டவணை) உண்டு. தமிழுக்குக் கிடையாது; விண்டோஸில் தமிழ் தொடக்கத்திலிருந்தே யூனிகோட் மட்டும்தான். அதனால் ரீஜன் செட்டிங்கில் சிஸ்டம் லொக்கேலைத் தமிழ் என்று மாற்றினாலும் குணமாகாது. அதே பெட்டியில் ‘பீட்டா: யூடிஎஃப்-8’ என்ற டிக் புதிய விண்டோஸில் இருக்கிறது. அதைப் போட்டு ரீஸ்டார்ட் செய்து ஒருமுறை முயலலாம். வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்கள், பழைய எழுத்துரு முறையை நம்பி ஓடும் மென்பொருள்கள் அதனால் தடுமாறும். என்டிபேக்கப் யூனிகோட் அறிந்தது. அதில் இந்தத் தொல்லை இல்லை.

## அறிகுறி: நிறுவி ரீஸ்டார்ட் செய்ததும் நீலத்திரை, விண்டோஸ் ஏறவில்லை

பழைய கோஸ்ட், அக்ரோனிஸ் போன்ற டிஸ்க் இமேஜ் மென்பொருள்கள் விண்டோஸுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே தங்கள் டிரைவரை உட்கார வைக்கும். நிரல் பழையதானால் சும்மா மூடிக்கொள்ளும். டிரைவர் பழையதானால் கணினியையே இழுத்துக்கொண்டு விழும். சேஃப் மோடிலும் அது ஏறும்.

கையாளும் வரிசை இது. விண்டோஸ் ஏறும்போது பவரை அழுத்தி அணைப்பதை இரண்டு மூன்று முறை செய்தால் ரெகவரி திரை வரும். அதில் சிஸ்டம் ரீஸ்டோர் போய், நிறுவுவதற்கு முந்தைய புள்ளிக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் இதிலேயே தீரும். விண்டோஸ் ஏறியதும் அந்த நிறுவனமே கொடுக்கும் கிளீன்அப் கருவியால் மிச்சத்தை எடுங்கள்.

செய்யவே கூடாதது: டிரைவர்ஸ் ஃபோல்டருக்குப் போய் அந்த ஃபைலை மட்டும் அழிப்பது. ரெஜிஸ்ட்ரியில் டிஸ்க்டிரைவ், வால்யூம் ஆகிய கிளாஸ்களின் அப்பர்ஃபில்டர்ஸ் வரியில் அதன் பெயர் நிற்கும் வரை, விண்டோஸ் அதைத் தேடும். கிடைக்காமல் ‘இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ்’ என்று விழும். அந்த வரியில் பழைய மென்பொருளின் பெயரை மட்டும் எடுக்க வேண்டும். பார்ட்எம்ஜிஆர், வால்ஸ்னாப் என்ற பெயர்கள் விண்டோஸுக்குச் சொந்தம், அவை இருந்தே ஆக வேண்டும். ரெகவரி திரையிலிருந்து ரெஜிஸ்ட்ரி ஹைவை ஏற்றித் திருத்தியது இதற்கு முன் பழக்கமில்லை என்றால், இங்கே கணினி தெரிந்தவரை அழையுங்கள். அவருக்கு அரைமணி நேர வேலை. நீங்கள் தவறாக ஒரு வரி அழித்தால் முழு நிறுவல்.

இந்த வம்பே வேண்டாம் என்றால் நிறுவாமல் படிக்கும் வழியைப் பாருங்கள். ஜிஎச்ஓ ஃபைலை கோஸ்ட் எக்ஸ்புளோரர் என்ற ஒற்றை நிரல் திறக்கும், டிரைவர் தேவையில்லை. நார்ட்டன் கோஸ்ட் விற்பனை 2013 ஏப்ரலில் நின்றுவிட்டது, ஆகவே புதுப் பதிப்புக்குக் காத்திருப்பதில் பொருள் இல்லை. டிஐபி ஃபைலுக்கு, அதை எடுத்த பதிப்பைவிடப் புதிய அக்ரோனிஸ் வாங்குவதே பாதுகாப்பு. புதியது பழையதைப் படிக்கும்; பழையது புதியதைப் படிக்காது.

## அறிகுறி: பேக்கப் இருக்கும் நெட்வொர்க் டிஸ்க் தெரியவில்லை

எக்ஸ்புளோரரில் தெரிகிற இசட் டிரைவ், அட்மினிஸ்ட்ரேட்டராக ஓடும் பேக்கப் நிரலில் மட்டும் தெரியவில்லையா? மேப் செய்த டிரைவ் சாதாரண லாகினுக்கு உரியது. அட்மின் லாகின் வேறு. டிரைவ் எழுத்துக்குப் பதில் இரட்டைப் பின்சாய்கோட்டில் தொடங்கும் முழுப் பாதையைக் கொடுங்கள். தீர்ந்தது.

எக்ஸ்புளோரரிலும் தெரியவில்லை, டிஸ்க் பழைய என்ஏஎஸ் (நெட்வொர்க்கில் நேராக இணையும் டிஸ்க் பெட்டி) என்றால், அது எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையை மட்டும் பேசும் பெட்டியாக இருக்கும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் பரவியது இந்த எஸ்எம்பி 1இன் ஓட்டை வழியாகத்தான். அதே ஆண்டின் இறுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து புது நிறுவல்களில் அது இருப்பதில்லை. முதலில் என்ஏஎஸ்ஸின் செட்டிங்கில் எஸ்எம்பி 2 இருக்கிறதா, ஃபர்ம்வேர் புதுப்பிப்பு உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் எஃப்டிபி வழியாகவோ, பெட்டியின் யுஎஸ்பி துளையில் டிஸ்க் செருகியோ நகல் எடுங்கள். எதுவும் இல்லாதபோது மட்டும் விண்டோஸ் ஃபீச்சர்ஸில் எஸ்எம்பி 1 கிளையண்டை ஆன் செய்து, இணைய வயரைப் பிடுங்கிவிட்டு, நகல் எடுத்து, உடனே ஆஃப் செய்யுங்கள். விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு (ஹோம் தவிர) எஸ்எம்பி கையொப்பத்தையும் கட்டாயமாக்கிவிட்டது. பாஸ்வேர்டு இல்லாத கெஸ்ட் ஷேர் திறக்காமல் போவது அதனால்தான். என்ஏஎஸ்ஸில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் உருவாக்கிப் பாருங்கள்.

என்ஏஎஸ் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் செருகினால் ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்கும். உள்ளே இருப்பது லினக்ஸ் ஃபார்மட் என்பதால் கேட்கிறது. ஆம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

## அறிகுறி: விண்டோஸ் 7 பேக்கப்

இதன் மீட்பு நிரல் விண்டோஸ் 10, 11இன் கண்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர் விண்டோஸ் 7’ என்ற பெயரில் இன்னும் இருக்கிறது. ‘வேறு பேக்கப்பைத் தேர்ந்தெடு’ என்ற இணைப்பைத் தட்டிப் பழைய டிஸ்க்கைக் காட்டினால் போதும். அது மறுத்தால் பேக்கப் செட் ஃபோல்டருக்குள் போய் ஜிப்களை 7-ஜிப்பால் நேரே பிரியுங்கள். உள்ளே சாதாரண ஃபைல்கள்தான். இமேஜ் பேக்கப் என்றால் உள்ளிருக்கும் விஎச்டி (விர்ச்சுவல் டிஸ்க்) ஃபைலை டிஸ்க் மேனேஜ்மெண்டில் ‘அட்டாச் விஎச்டி’ கொடுத்து, ரீட் ஒன்லி டிக்கோடு இணைத்து, வேண்டியதை நகல் எடுங்கள்.

அதே நிரலில் புது இமேஜ் எடுக்க முயன்று 80780119 என்று முடியும் பிழை வந்தால், ரெகவரி அல்லது சிஸ்டம் பார்ட்டிஷனில் காலி இடம் போதவில்லை. 500 எம்பிக்குக் குறைந்த பார்ட்டிஷனில் 50 எம்பி, அதற்கு மேற்பட்டதில் 320 எம்பி காலியாக இருக்க வேண்டும். பார்ட்டிஷனை நீட்டலாம்தான். ஆனால் இந்த இமேஜ் வசதியை மேம்படுத்துவதை மைக்ரோசாஃப்ட் 2017லேயே நிறுத்திவிட்டது. அதற்காகப் பார்ட்டிஷனில் கத்தி வைப்பதைவிட இன்றைய மென்பொருள் ஒன்றுக்கு மாறுங்கள்.

## அறிகுறி: பேக்கப் முடிவே இல்லாமல் வளர்கிறது

தொடக்கத்தில் வேண்டாம் என்றதை மீறி, பழைய மென்பொருளால் புதுக் கணினியைப் பேக்கப் எடுப்பவர்களுக்கு வரும் தொல்லை இது. ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் ‘அப்ளிகேஷன் டேட்டா’ என்ற ஜங்ஷன் தன்னைத் தானே காட்டிக்கொண்டு நிற்கிறது. அதை நிஜ ஃபோல்டர் என்று நினைக்கும் பழைய மென்பொருள் உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒன்டிரைவ் ஃபோல்டரும் அப்படியே: மேகத்தில் மட்டும் இருக்கும் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு இறக்கி, சி டிரைவை நிரப்பிவிடும். இரண்டையும் விலக்குப் பட்டியலில் சேருங்கள்.

## அறிகுறி: பழைய ரெஸ்க்யூ சிடி ஏறவில்லை, ஏறினாலும் டிஸ்க் தெரியவில்லை

செக்யூர் பூட் என்ற காவல் பழைய சிடியை ஏற விடாது. அதை ஆஃப் செய்யும் முன் பிட்லாக்கரை (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சஸ்பெண்ட் செய்து, ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வைத்தே ஆக வேண்டும். கீ இல்லாமல் ஆஃப் செய்தால் 48 இலக்க எண்ணைக் கேட்டுக் கணினி நிற்கும்; பழைய பேக்கப்பைத் தேடப்போய்ப் புதுக் கணினியின் தரவும் பூட்டிக்கொள்ளும். இவ்வளவும் செய்து ஏறினாலும், அந்தக் காலத்து டாஸ் அல்லது லினக்ஸுக்கு என்விஎம்இ என்ற புதுவகை டிஸ்க் தெரியாது. தெரிந்தாலும் ஜிபிடி என்ற புதுப் பார்ட்டிஷன் முறை புரியாமல் ‘காலி டிஸ்க்’ என்று காட்டலாம். அந்த நிலையில் ரீஸ்டோர் தட்டுவது பேராபத்து. இந்த வழியைக் கைவிடுங்கள்.

## எதுவும் எடுபடவில்லை: எக்ஸ்பியையே உள்ளே ஓட்டுவது

உரிமமுள்ள எக்ஸ்பி சிடி இருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற போலிக் கணினி மென்பொருளில் நிறுவுங்கள். மெமரி 1 ஜிபி, புராசஸர் ஒன்று. ஹார்டு டிஸ்க் கண்ட்ரோலரை ஐடிஇ என்று வையுங்கள். சாட்டா வைத்தால் எக்ஸ்பியிடம் அதற்கான டிரைவர் இல்லாமல் நீலத்திரை வரும். நெட்வொர்க்கை ‘நாட் அட்டாச்டு’ ஆக்குங்கள். எக்ஸ்பிக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு 2014 ஏப்ரல் 8உடன் முடிந்துவிட்டது, அதை இணையத்தில் விடக்கூடாது.

ஃபைலை உள்ளே கொண்டுபோக ஷேர்டு ஃபோல்டரோடு போராட வேண்டாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மெண்டில், பேக்கப்பின் இரண்டரை மடங்கு அளவில் ஒரு விஎச்டி உருவாக்குங்கள். விஎச்டிஎக்ஸ் வேண்டாம். எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் முறை) ஆக இனிஷியலைஸ் செய்யுங்கள், 32 பிட் எக்ஸ்பி ஜிபிடியைப் படிக்காது. என்டிஎஃப்எஸ் ஃபார்மட் செய்து பேக்கப்பை அதில் நகல் எடுத்து, டிட்டாச் செய்து, விர்ச்சுவல் எக்ஸ்பியின் இரண்டாவது டிஸ்க்காகச் சேருங்கள். உள்ளே பழைய மென்பொருளை நிறுவி, அதே டிஸ்க்கில் தனி ஃபோல்டருக்கு மீட்டு, எக்ஸ்பியை முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். சேவ் ஸ்டேட் கொடுத்து மூடினால் டிஸ்க்கில் பாதி எழுதாமல் நிற்கும். பிறகு விஎச்டியை விண்டோஸில் மறுபடி அட்டாச் செய்தால் மீட்ட ஃபைல்கள் அங்கே இருக்கும். வெளியே நகல் எடுத்ததும், திறந்து பார்க்கும் முன் ஆன்ட்டிவைரஸால் முழு ஃபோல்டரையும் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். எக்ஸ்பி காலத்துப் பென்டிரைவ் வைரஸ்கள் பேக்கப்புக்குள் இன்னும் அப்படியே இருக்கக்கூடும்.